ஆறாவது காரணம்

அவ்வொக்காத்தோ ஷிமோனே தட்டில் இருந்த மீனைத் திருப்பிப் பார்த்த நொடியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அன்றைக்கு மடுமாதா திருநாள். தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஆடி மாதத்து முதல் ஞாயிறு. இத்தாலியின் பலெர்மோவில் இருக்கிற மன்னார்ச் சனம் முழுக்கப் பங்கு மண்டபத்தில் கூடியிருந்தது. யாழ்ப்பாணத்துச் சைவசமயக்காரரும் பாதிப் பேர் வந்து, மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, சாப்பாட்டு வரிசையில் எங்களுக்கு முன்னாலேயே நின்றார்கள். இவ்வளவு சனத்துக்கும் நடுவே, வெள்ளைத் துணி விரித்த மேசையில், ஒரே ஒரு வெள்ளைக்காரனாக அவரை உட்கார்த்தி வைத்தது நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. என் பெருமைக்கு நானே கூப்பிட்டேன்.

அவ்வொக்காத்தோ என்றால் வக்கீல். அவருக்குப் பொலிதேயாமாப் பகுதியில் கந்தோர், லிபெர்த்தாத் தெருவில் வீடு. அந்த வீட்டில் ஆறு வருசமாகக் கூட்டித் துடைத்துச் சமைப்பவள் புனிதமலர் ஆகிய நான். சனி ஞாயிறுகளில் அவர் வக்கீல் இல்லை, மீன்பிடிச் சங்கத் தலைவர். மலைக்கு மேலே அணை கட்டித் தேக்கிய ஒரு ஏரியில் அந்தச் சங்கம் வருசாவருசம் ட்ரோத்தா மீனை லொறியில் கொண்டுவந்து விடும். பிறகு தொப்பியும் தூண்டிலுமாகப் போய் உட்கார்ந்து அதைப் பிடிக்கப் பார்க்கும். அந்த ஏரிக்குக் காவல்காரர் என் மனுசன் யாக்கோபு. ஆக, எங்கள் வீட்டு உலையில் வேகிற அரிசி முழுக்க அந்த ஒரு ஆளுடைய கையெழுத்தில்தான் வெந்துகொண்டிருந்தது.

அப்படிப்பட்டவருக்குத் துண்டு மீன் வைப்பேனா? எங்கள் வீட்டில் மரியாதைக்குரிய விருந்தாளிக்கு மீனை வெட்டிப் போடுகிற வழக்கம் இல்லை. தலையிலிருந்து வால்வரை, செட்டை என்கிற துடுப்பைக்கூட நறுக்காமல், முழுசாகப் பொரித்து வைப்போம். மற்ற மீன் எல்லாவற்றையும் என்னோடு சமைத்த செலஸ்ரீனா அக்கா வெட்டிக் குழம்பில் போட்டுவிட்டாள். இருந்ததிலேயே பெரிய மீனை மட்டும் நான் எடுத்து, உப்பும் தூளும் தடவி, மொறுமொறு என்று பொரித்து அவர் முன்னால் வைத்தேன்.

அவர் சிரித்தார். முள்ளுக்கரண்டியை எடுத்தார். மீனைத் திருப்பினார். முதுகுச் செட்டைக்கும் வாலுக்கும் நடுவே கரண்டி நுனியால் ஒருமுறை தடவினார். சிரிப்புப் போய்விட்டது.

"இந்த மீன் எங்காலை?" என்று கேட்டார்.

"எலுமிச்சம்பழம் விக்கிற கார்மெலோ தன்ரை தோட்டத்திலை தந்தவர். இன்னும் வேணுமெண்டால் கிடக்கு," என்றேன் நான், பெருமையாக. அவர் சுவையைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

அவர் எழுந்தார். கதிரை பின்னால் விழுந்தது. "இது என்ரை மீன்!" என்று இத்தாலியனில் கத்தினார். "இஞ்சை ஒரு சின்னச் செட்டை இருக்க வேணும். பங்குனி மாசம் மூவாயிரம் மீனுக்கும் அதை வெட்டிப்போட்டுத்தான் ஏரியிலை விட்டனாங்கள். முப்பது மீன்கூட எங்கடை தூண்டிலிலை படேல்லை. எங்கை போச்சுது எண்டு தலையைப் பிச்சுக்கொண்டு திரிஞ்சன். இப்ப விளங்குது." பிறகு மண்டபத்தின் மறுகோடியில் நின்ற யாக்கோபுவை நோக்கிக் கையை நீட்டி ஒரு சொல் சொன்னார்.

பெரியவர்கள் பாதிப் பேருக்கு அது விளங்கவில்லை. பிள்ளைகளுக்குத்தான் முதலில் விளங்கியது. என் மகள் றெபேக்கா, ஒன்பது வயது, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "அம்மா, அவர் அப்பாவைக் கள்ளன் எண்டு சொல்லுறார்."

காலையில் மாதாவின் சுருவத்தை, அதாவது சிலையை, சுமந்த தடம் தோளில் இன்னும் மாறவில்லை, அந்த மனுசன் அப்படியே நின்றார். ஐயோ, எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டேனா என்றிருந்தது.

போகும்போது அவ்வொக்காத்தோ இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். வருகிற சனிக்கிழமை சங்கக் கூட்டம். அன்றைக்கு யாக்கோபுவை வேலையால் நிறுத்தி, பொலிசுக்கும் எழுதிக்கொடுப்பாராம். எங்களுடைய பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதி, அந்த மாதம் முப்பத்தோராம் திகதியோடு முடிகிறது. வேலை இருக்கிறது என்று அவர் கடிதம் தந்தால்தான் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் புதுப்பித்துக் கொடுப்பார்கள். கள்ளன் என்ற பெயர் ஒட்டினால் கடிதம் இல்லை. கடிதம் இல்லாவிட்டால் எங்களுக்கு இந்த நாடும் இல்லை. எனக்கு ஆறு நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் நான் யாக்கோபுவின் மேல்தான் பாய்ந்தேன். வேறு யார் மேல் பாய்வது?

"இஞ்சாருங்கோ, பங்குனி மாசம் முழுக்க மீனுக்குச் செட்டை வெட்டினனீங்கள். அதை ஒரு நாளாவது எனக்குச் சொன்னனீங்களே?"

"நீர் கேக்கேல்லையே," என்றார்.

"புருசன் மீனுக்குச் செட்டை வெட்டுறானோ எண்டு எந்தப் பெண்டாட்டியப்பா கேப்பாள்?"

அவர் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக மூலையில் வைத்தார். "மலர், நான் ஒரு மீனும் எடுக்கேல்லை," என்றார். அது எனக்குத் தெரியாதா? பக்கத்து வீட்டுத் தோடம்பழம் எங்கள் முற்றத்தில் விழுந்தால்கூடக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிற மனுசன் அவர். ஆனால் கார்மெலோ தந்த மீனில் செட்டை இல்லையே, அது எப்படி? அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். ஏன் போனாய் என்று செலஸ்ரீனா அக்கா பிறகு கேட்டாள். போகாவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிடாதா? அவருடைய மனைவி சிஞ்ஞோரா கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்க்காமல், அவ்வொக்காத்தோ காலையிலேயே கார்மெலோவுக்குத் தொலைபேசி எடுத்ததாகச் சொன்னாள். தன் வாழ்நாளில் தோட்டத்தில் ஒரு மீனைக்கூடக் கண்டதில்லை என்று அவன் சத்தியம் பண்ணினானாம். அடப் பாவி! திருநாளுக்கு எலுமிச்சம்பழம் வாங்கப் போன என் கையில் இரண்டு வாளி மீனை அவனாகத்தானே திணித்தான். அவன் தண்ணீர்த் தொட்டியில் வளர்க்கிற மீன் என்றுதானே நானும் நம்பினேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வந்தது, ஆனால் வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

அவருடைய வாசிப்பறையைத் துடைக்கும்போதுதான் அந்தத் தாளைக் கண்டேன். அந்த அறையின் சுவரில் ஒரு படம் தொங்கும். அமெரிக்காவில் இருக்கிற அவருடைய மச்சான் இரத்தச் சிவப்பில் ஒரு மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். கடலையே காணாமல் ஏரியில் வளர்கிற சல்மோனாம், கொக்கனி என்று பெயராம். அதை இங்கே கொண்டுவர அவர் நடையாய் நடந்தார், அரசாங்கம் விடவில்லை. அதனால்தான் ட்ரோத்தாவில் வந்து நின்றார். படத்துக்குக் கீழே மேசையில் கிடந்தது பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்காரியான தொத்தொரெஸ்ஸா எழுதிக் கொடுத்த தாள். விட்ட மீன் ஏன் பெருகவில்லை என்று கண்டுபிடிக்கச் சங்கம் அவளை வைத்திருந்தது. தட்டச்சில் ஐந்து காரணம் இருந்தது: கோடையில் மேல்தண்ணீர் கொதிப்பது, ஆழத்தில் பிராணவாயு குறைவது, மீன் தின்னும் நுண்பூச்சி போதாமை, பெர்சிக்கோ என்ற பெரிய மீன் சின்னதை விழுங்குவது, பனிக்காலத்தில் வந்து இறங்கும் நீர்க்காகங்கள். அதற்குக் கீழே அவ்வொக்காத்தோ தன் பச்சை மைப் பேனாவால் ஆறாவதாக ஒன்றை எழுதியிருந்தார். தமிழர்.

நான் இரண்டு தரம் வாசித்தேன். வெயிலும் நீர்க்காகமும் எழுதிய வரிசையில் நாங்களும் இருந்தோம். தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். அது களவுதான். ஆறு வருசத்தில் அந்த வீட்டில் நான் எடுத்த ஒரே சாமான் அது.

செவ்வாய்க்கிழமை எனக்கு அரைநாள் விடுமுறை. பஸ் எடுத்து, மலையடிவாரத்தில் இருக்கிற கார்மெலோவின் எலுமிச்சைத் தோட்டத்துக்குப் போனேன். அவன் என்னைக் கண்டதும் ஏணியில் ஏறி மரத்துக்குள் ஒளியப் பார்த்தான்.

"இறங்கு கீழை!" என்றேன். "மாதா திருநாளுக்கு எண்டு நீயாகத் தந்துபோட்டு, மீனையே காணேல்லை எண்டு சத்தியம் பண்ணினனியோ? உன்ரை நாக்கு அழுகாதோ?"

"புனிதா, சத்தம் போடாதை," என்றான், எலுமிச்சை இலைக்குள் இருந்து. "அந்த ஆள் வக்கீல். அது அவரின்ரை மீன் எண்டு எனக்குத் தெரியாது. இப்ப ஓம் எண்டால் என்னைத்தான் உள்ளுக்கை போடுவார்."

"அப்ப என்ரை புருசன் உள்ளுக்கை போகலாமோ?"

இத்தாலியனில் தொடங்கிய திட்டு பாதியில் தமிழுக்கு வந்துவிட்டது. அவனுடைய தாத்தா பூட்டன்வரை ஒருவரையும் விடவில்லை. அந்த நேரம் எனக்குப் பின்னால் சளார் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். அங்கே தோட்டத்துக்கு நீர் தேக்கும் பெரிய சீமெந்துத் தொட்டிகள் உண்டு, ஜெப்பியா என்பார்கள். வாய்க்காலால் தண்ணீர் வந்து அதற்குள் விழத் தொடங்கியிருந்தது. முதலில் சேறு, பிறகு சருகு, பிறகு தெளிந்த தண்ணீர். அந்தத் தண்ணீரோடு வெள்ளியாக ஒன்று துள்ளி விழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. என் வாயில் இருந்த திட்டு வாயிலேயே நின்றது.

"இந்தத் தண்ணி எங்கையிருந்து வருது?" என்று கேட்டேன்.

"ஏரியிலையிருந்துதான். செவ்வாய், வியாழன், சனி, எங்கடை முறை. காலமை எட்டு மணிக்கு அணைக்கதவைத் திறந்தால் மத்தியானத்துக்கிடையிலை இஞ்சை வந்திடும். வைகாசியிலையிருந்து இப்பிடித்தான்."

"மீனும்?"

"மீனும் வைகாசியிலையிருந்துதான்," என்றான். "மூண்டு வருசமாய். மீனவரின்ரை புனிதர் சன் பியெத்ரோ அனுப்புறார் எண்டு நினைச்சன்."

எனக்கு என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மன்னாரின் முருங்கனில் பிறந்தவளுக்கு இது ஞாயிற்றுக்கிழமையே விளங்கியிருக்க வேண்டாமா? கட்டுக்கரைக்குளத்துத் துருசு திறந்தால், அதாவது குளத்து மதகைத் திறந்தால், வாய்க்கால் நெடுக ஆளுக்கொரு பறியை வைத்துக்கொண்டு சனம் நிற்கும். பறி என்றால் மீன் உள்ளே போகும், வெளியே வராத கூடை. குளத்துக்குள் இறங்கி வலைவீசத் தெரியாத சோம்பேறிகள்கூட அன்றைக்கு மீன் தின்பார்கள். தண்ணீர் போகிற வழியில் மீனும் போகும் என்பது அங்கே பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். ஆறு வருசமாக மீனைக் கடைப் பனிக்கட்டியில் மட்டும் பார்த்துப் பார்த்து என் புத்தியும் உறைந்து போயிருந்தது.

"நீ வந்து அவ்வொக்காத்தோவுக்கு இதைச் சொல்லு," என்றேன் கார்மெலோவிடம்.

"நான் மீனே காணேல்லை," என்றான். அவன் பின்னால் தொட்டிக்குள் மீன் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை யாக்கோபுவோடு ஏரிக்கு ஏறினேன். தொத்தொரெஸ்ஸா ஆல்பா அங்கே படகில் இருந்தாள். முப்பது வயதுகூட இராது, வெயிலில் மூக்குச் சிவந்துபோய், கயிற்றில் வெப்பமானியைக் கட்டி ஆழத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தாள். வாரத்தில் இரண்டு நாள் யாக்கோபுதான் அவளுக்குப் படகு வலிப்பவர். ஞாயிற்றுக்கிழமை நடந்தது அவளுக்குத் தெரியும், என்னைக் கண்டதும் கூசிப்போனாள். நான் சட்டைக்குள் இருந்து தாளை எடுத்து விரித்து, பச்சை மையைத் தொட்டுக் காட்டினேன்.

"இதை நான் எழுதேல்லை," என்றாள் அவசரமாக.

"தெரியும். நீ எழுதாமல் விட்டது ஒண்டு இருக்கு, அதைச் சொல்லத்தான் வந்தனான். அந்த அணைக்கதவு எந்த ஆழத்திலை கிடக்கு?"

அவள் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தாள். பிறகு அணையைப் பார்த்தாள். கோடையில் மேல்தண்ணீர் சுடுகஞ்சி மாதிரி, ட்ரோத்தா அதில் நிற்காது, குளிர் தேடி ஆழத்துக்குப் போய்விடும் என்று அவளே எனக்கு விளக்கினாள். மிகவும் அடியில் பிராணவாயு இல்லை. ஆகவே நடுவே ஒரு பட்டையில்தான் எல்லா மீனும் ஒதுங்கும். சொல்லிக்கொண்டு வந்தவள் இடையில் நின்றுவிட்டாள்.

"அந்தப் பட்டையிலைதான் கதவின்ரை வாய் இருக்கு," என்றாள் மெல்ல. "ஏரிக்குள்ளை எது சாப்பிடுது, எது சாகுது எண்டு ரெண்டு வருசமாய்ப் பாத்தன். எது வெளியிலை போகுது எண்டு பாக்கேல்லை. அமெரிக்காவிலை கொக்கனி இப்பிடி அணையாலை போறதை நான் வாசிச்சிருக்கிறன். இது சின்ன அணைதானே எண்டு விட்டிட்டன்."

"வாசிச்சால் காணாது. சனிக்கிழமை பிடிச்சுக் காட்ட வேணும்," என்றேன்.

பறி பின்னப் பிரம்புக்கு எங்கே போவது? யாக்கோபு சங்கக் கொட்டிலில் இருந்து ஒலிவ் பறிக்கும்போது மரத்தடியில் விரிக்கிற வலையைக் கொண்டுவந்தார். உடைந்த சைக்கிளின் இரண்டு சக்கர வளையத்தை வாய்க்கும் கழுத்துக்கும் கட்டினோம். வியாழன், வெள்ளி இரண்டு பின்னேரமும் அவர் முடிச்சுப் போட, நான் இழுத்துப் பார்த்தேன். முடிச்சுப் போடும்போது மட்டும் அந்த மனுசனுக்கு வாய் திறக்கும்.

"மலர், ஒண்டும் விழாட்டில்?"

"விழும்."

"விழாட்டில் எல்லாருக்கும் முன்னாலை ரெண்டாந்தரமும் நான் கள்ளன். அதோடை பொய்யனும்."

எனக்கும் பயம்தான். ஆனால் இரண்டு பேரும் பயந்தால் வலையை யார் பிடிப்பது? "முடிச்சை இறுக்குங்கோ," என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை காலை எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும். அணைக்குக் கீழே வாய்க்கால் தொடங்குகிற இடத்தில் நானும் யாக்கோபுவும் இடுப்பளவு வாய்க்காலுக்குள் இறங்கி, இரண்டு கரையிலும் அடித்த கட்டைகளில் பறியைக் கட்டி முடித்திருந்தோம். கரையில் சங்கத்துக்காரர் பன்னிரண்டு பேர், வெள்ளைத் தொப்பிகளோடு. கூட்டத்துக்கு முன்னால் ஒரு பரிசோதனை இருக்கிறது என்று தொத்தொரெஸ்ஸா கூப்பிட்டதால் வந்திருந்தார்கள். அவ்வொக்காத்தோ பளபளக்கும் சப்பாத்தோடு ஒதுங்கி நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். எங்கள் பக்கம் அவர் கண் திரும்பவில்லை.

எட்டு மணிக்கு மேலே கதவைத் திறந்தார்கள். தண்ணீர் உறுமிக்கொண்டு வந்தது. பறி ஊதிப் பெருத்தது. ஐந்து நிமிடம் பொறுத்து நுனியை அவிழ்த்துக் கரையில் கொட்டினோம். சேறு. சருகு. இரண்டு பிளாஸ்ரிக் போத்தல். ஒரு பழைய சப்பாத்து.

"பிராவா! நாற்பத்திரண்டாம் அளவு!" என்று ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அவ்வொக்காத்தோ சிரிக்கவில்லை, கையில் இருந்த கோப்பைத் திறந்தார். யாக்கோபுவின் முகம் வெளிறிப் போனதை நான் பார்த்தேன்.

"பொறுங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் கோப்பை மூடிவிட்டார். "முதல் வாறது கதவடியிலை கிடந்த குப்பை. மீனுக்கு நீந்தத் தெரியும், அது குப்பை இல்லை, உடனை வராது. இழுவைக்கு எதிராய் நிண்டு பாக்கும். களைச்சாப் பிறகுதான் விடும். திரும்பக் கட்டுங்கோ!"

கட்டினோம். பத்து நிமிடம் போனது. கால் மணித்தியாலம் போனது. தொப்பிக்காரர் சிலர் சிகரெட் பற்றவைத்தார்கள். எனக்குக் காலில் உணர்வே இல்லை, அவ்வளவு குளிர். மடுமாதாவே, உன் திருநாளுக்குச் சமைக்கப் போய்த்தானே இந்த வினை வந்தது, நீயே பார்த்துக்கொள் என்று மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பறி ஒரு உதறு உதறியது.

பிறகு இன்னொரு உதறு. கயிறு என் கையைக் கிழித்துக்கொண்டு ஓடியது. யாக்கோபு பாய்ந்து பிடித்தார், அவரையும் இழுத்தது. தொத்தொரெஸ்ஸா தாளையும் பேனாவையும் எறிந்துவிட்டு உடுப்போடு தண்ணீருக்குள் குதித்தாள். அதுவும் போதவில்லை. "பிடியுங்கோவன், ஐயா! பாத்துக்கொண்டு நிக்கிறியள்!" என்று நான் தமிழில் கத்தினேன். யாரைப் பார்த்துக் கத்துகிறேன் என்று யோசித்துக் கத்தவில்லை. பக்கத்தில் யாரோ சளக்கென்று இறங்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தால் அவ்வொக்காத்தோ ஷிமோனே, சப்பாத்தும் காற்சட்டையுமாக முழங்கால் தண்ணீரில்.

கரையில் கொட்டினோம். அம்மாடி! புல் முழுக்க வெள்ளி. சாண் நீளம், சாணரை நீளம், துள்ளித் துள்ளித் தொப்பிக்காரரின் காலடியில் எல்லாம் விழுந்தது. சிரித்தவர்கள் எல்லோரும் குனிந்து பொறுக்கத் தொடங்கிவிட்டார்கள். தொத்தொரெஸ்ஸா ஈரத்தலையோடு ஒவ்வொன்றாக எடுத்து முதுகைத் தடவிப் பார்த்துச் சத்தமாக எண்ணினாள். அறுபத்தொரு மீன். அதில் ஐம்பத்தேழுக்குச் சின்னச் செட்டை இல்லை.

"ஒரு மணித்தியாலம்கூட ஆகேல்லை," என்றாள் அவள், அவ்வொக்காத்தோவைப் பார்த்து. "வாரத்திலை மூண்டு நாள், வைகாசி தொடக்கம், நாள் முழுக்க. மூவாயிரம் எங்கை போச்சுது எண்டு இனிக் கேக்கத் தேவையில்லை."

அவர் ஒரு மீனைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து வாய்க்கால் வரம்பால் ஒரு ஆள் வாயால் ஒரு பாட்டைச் சீக்கை அடித்துக்கொண்டு ஏறி வந்தான். ஒரு கையில் வாளி, மறு கையில் கைப்பிடி வலை. கார்மெலோ! தண்ணீர் தன் தோட்டத்துக்கு வர மத்தியானம் ஆகும், அதுவரை பொறுக்காமல் வழியிலேயே மீன் அள்ள மேலே வந்திருக்கிறான். பன்னிரண்டு தொப்பியையும் அவ்வொக்காத்தோவையும் என்னையும் ஒன்றாகக் கண்டான். முகத்தில் ஈயாடவில்லை.

"கார்மெலோ," என்றேன் நான், தேனாக. "நீதானே மீனே காணாத ஆள். வா, வந்து பார், இதுதான் மீன்."

முதலில் சிரித்தது யார் தெரியுமா? யாக்கோபு. வாயே திறக்காத என் மனுசன், வாய்க்காலுக்குள் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்துத் தொத்தொரெஸ்ஸா சிரித்தாள், தொப்பிக்காரர் சிரித்தார்கள், கடைசியில் கார்மெலோவும் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்து சிரித்தான். மூன்று வருசமாக நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தான். கதவு வாய்க்குக் கம்பிவலை போட வேண்டும், மீனைப் பங்குனியில் விடாமல் வாய்க்கால் மூடிய பிறகு ஐப்பசியில் விட வேண்டும் என்று தொத்தொரெஸ்ஸா அந்த இடத்திலேயே முடிவு சொன்னாள். சங்கம் தலையாட்டியது.

நான் சிரித்து முடித்துவிட்டுக் கரையேறினேன். கைப்பையில் இருந்த தாளை எடுத்து அவ்வொக்காத்தோவின் ஈரக்கையில் வைத்தேன். அவருக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. காது நுனிவரை சிவந்தார். பச்சைப் பேனாவை எடுத்து, கடைசி வரியை வெட்டினார். வெட்டிவிட்டு அதற்குப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று என்னையே பார்த்தார்.

"துருசு," என்றேன். பிறகு இத்தாலியனில் அணைக்கதவு என்று சொல்லிக்கொடுத்தேன். எழுதினார்.

"புனிதா, நான் பிழை விட்டிட்டன். உன்னட்டை மன்னிப்புக் கேக்கிறன்," என்றார் தாழ்ந்த குரலில்.

"என்னட்டை ஏன்? என்னை நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. இஞ்சையும் வேண்டாம், இஞ்சை ஆர் இருக்கினம்? எங்கை வைச்சுச் சொன்னியளோ, அங்கை வாங்கோ. நாளைக்குப் பூசை பத்து மணிக்கு முடியும்."

வருவாரா என்று எனக்கு நிச்சயம் இல்லை. அவர் பெரிய மனுசன், எங்களை மறந்துவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் நான் செலஸ்ரீனா அக்காவிடம் சொல்லி எல்லாச் சனத்தையும் மண்டபத்துக்கு வரப்பண்ணினேன். சைவக்காரருக்கும் சொல்லி அனுப்பினேன். சாப்பாடு உண்டு என்றதும் ஒருவரும் தவறவில்லை.

பத்தேகாலுக்கு அவர் வந்தார். கறுப்புக் கோட்டு, பக்கத்தில் சிஞ்ஞோரா. நான் அதே மேசையில் அதே வெள்ளைத் துணியை விரித்து, அதே கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. மண்டபத்தின் மறுகோடியில் யாக்கோபு நின்ற இடத்துக்கு, இவ்வளவு சனமும் வழிவிட, நேரே நடந்து போனார். உள்பையில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். குவெஸ்தூராவுக்கான கடிதம், கீழே பச்சை மையில் கையெழுத்து. பிறகு யாக்கோபுவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இத்தாலியனில் பேசினார். நீளமாகப் பேசினார். யாக்கோபு கண்ணைத் துடைத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது, அதை மறைப்பானேன்.

பேசி முடித்துவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார். நான் மீனை வைத்தேன். முழு மீன், தலையிலிருந்து வால்வரை, சின்னச் செட்டை இல்லாத மீன். அவர் கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு, எங்கள் சனத்தைப் பார்த்துப் பார்த்து, கையால் பிய்த்துச் சாப்பிடத் தொடங்கினார்.

றெபேக்கா ஓடிவந்து என் சீலையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அவர் அப்பாட்டை மன்னிப்புக் கேட்டவர். அப்பா கள்ளன் இல்லையாம், தான்தான் பிழையாம்."

"எனக்கு விளங்கினது, பிள்ளை," என்றேன். "பின்வரிசைக்குக் கேக்கேல்லை. கதிரையிலை ஏறி நிண்டு, போன கிழமை சொன்ன மாதிரிச் சத்தமாய்ச் சொல்லு."